பொதுவாகத்தான் சொன்னேன்

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம் அக்கா, மடியிலேயே இருக்கட்டும். உள்ளே கண்ணாடி. பஸ் ஒரு குழியில இறங்கி ஏறினா போச்சு. கனம்தான், பரவாயில்லை, காரைக்குடி வரைக்கும்தானே.

நீங்களும் காரைக்குடியா? நல்லதாப் போச்சு. திருச்சியிலேயே உங்களைப் பார்த்துட்டுத்தான் இந்த சீட்ல வந்து உட்கார்ந்தேன். நான் அதிகம் பேச மாட்டேன் அக்கா. வீட்ல ஊமைக்கோட்டான்னுதான் சொல்லுவாங்க. பேச மாட்டேனே தவிர, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருப்பேன்.

இதுவா? ஓவன்ல வைக்கிற ட்ரே. அண்ணன் வாங்கிக் கொடுத்தார். பழசு உடைஞ்சு போச்சு. "உங்க அண்ணிகிட்ட கொடு, நான் வாங்கினதுன்னு சொல்லு, கூட்டிக்கிட்டு வா"ன்னார். கூட்டிக்கிட்டு வராம நீ வாசப்படி ஏறாதேன்னும் சொன்னார். விளையாட்டுக்கு இல்லை. அண்ணன் எதையுமே விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார். அதனால இன்னைக்கு எப்படியாவது அண்ணியைக் கூட்டிக்கிட்டுச் சாயந்திரத்துக்குள்ள திரும்பணும்.

சண்டைதான். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். ஆனா எங்க வீட்ல நடந்ததுக்குக் காரணம் நான்னு எதிர்வீட்டு பிலோமினா டீச்சர் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க. அதுதான் அக்கா எனக்கு ஆறலை. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க அண்ணன் பேரு குமரகுரு. துவாக்குடியில ஒரு கம்பெனியில குவாலிட்டி பார்க்கிறார். இரும்புத் துண்டை அளந்து பார்த்து, சரியில்லைன்னா ஒதுக்கிப் போடற வேலை. வீட்லயும் அப்படித்தான். தோள்துண்டு மடிப்புக் கலைஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவார். நாங்க சைவப் பிள்ளைமார். முட்டை வாங்கின பையைக்கூட அம்மா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அப்பா போன பிறகு அண்ணன் தீட்சை வாங்கிக்கிட்டார். காலையில பூஜை முடியாம பச்சைத் தண்ணி பல்லுல படாது. திருமுறை மன்றத்துல அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

அண்ணி சிவரஞ்சனி. காரைக்குடியில செக்காலைப் பக்கம் அவங்க வீடு. திருச்சியில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். சாயந்திரம் வரும்போதே திருத்தற பேப்பர் ஒரு கட்டோட வருவாங்க. வந்து அம்மா சொல்ற மாதிரி ரெண்டு காய், ஒரு குழம்பு, ஒரு ரசம்னு ஆரம்பிச்சா முடியற காரியமா? அதுக்காக அவங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. பாஸ்தா.

செய்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. பாஸ்தாவை உப்புப் போட்டு முக்கால் வேக்காட்டுல வடிச்சு வெச்சிடணும். முழுசா வேகக்கூடாது, மிச்சம் ஓவன்ல வேகும். வெண்ணெயில மைதாவை லேசா வறுத்து, பால் ஊத்தி, சாஸ் கெட்டியாகிற வரைக்கும் விடாம கிண்டணும். மிளகு, துருவின சீஸ். ரெண்டையும் கலந்து ட்ரேயில கொட்டி, மேலே இன்னும் சீஸைத் தூவி உள்ளே தள்ளிட வேண்டியதுதான். மேலே சிவந்து, ஓரமெல்லாம் குமிழ் விட்டா எடுத்துடலாம். "இது என்ன யுத்தமா மங்கை? வேக வை, கிண்டு, உள்ளே தள்ளு, கதவை மூடு, போய் முகம் கழுவிட்டு வா. நீ முகம் துடைக்கறதுக்குள்ள சோறு ரெடி"ன்னு அண்ணி சொல்லுவாங்க. கூடப் பாட்டு வேற. அவங்க பாடினா எனக்குப் பிடிக்கும். அவங்களுக்கு அது தெரியாது. நான் சொன்னதில்லை.

முதல் தடவை அம்மா எட்டிப் பார்த்துட்டு, "என்ன இது, தேர்தல் வருதா? சுவத்துல போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சறியா?"ன்னாங்க. அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கலை. "ஆமா அத்தை, உங்க மகனைத்தான் நிறுத்தப் போறோம்"னாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கலை. ஒரு வாய் எடுத்து வெச்சார். அப்புறம் பார்த்தா ட்ரே காலி. அதுலேர்ந்து வாரத்துல ரெண்டு நாள் அதுதான் ராத்திரிச் சாப்பாடு. கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அம்மாவுக்கு அது பொறுக்கலை. "நான் வெச்ச வத்தக்குழம்புக்கு இப்படி ஒரு நாள் தட்டை வழிச்சிருக்கானா?"ன்னு என்கிட்ட வந்து புலம்புவாங்க.

ஆனா அண்ணனுக்கு எதுவும் ஒரே மாதிரி இருக்கணும். மேலே ஒரே சீராச் சிவக்கணும், ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் சிவந்து இருக்கக்கூடாது. கரண்ட் போயிட்டு வந்த ஒரு நாள் மேலே சிவக்கவே இல்லை. அண்ணி அப்படியே கொண்டு வந்து வெச்சாங்க. "இது என்ன, பிரேதத்துக்கு முகம் கழுவின மாதிரி இருக்கு?"ன்னார். "கரண்ட் வாரியத்துக்குப் போன் போட்டுத் திட்டுங்க"ன்னு அண்ணி சொன்னாங்க. அப்படி எதிர்ப்பேச்சுப் பேசியிருக்கக்கூடாது இல்லையா? பக்கத்துல கிடந்த மரக்கரண்டியை எடுத்துத் தோள்ல ஒண்ணு போட்டார். கரண்டி ரெண்டாப் போச்சு. நல்ல மரமா இருந்தா உடைஞ்சிருக்காது அக்கா, அது சந்தையில வாங்கினது. அம்மா உடைஞ்ச துண்டை எடுத்துக் குப்பையில போட்டுட்டு, "கையை ஓங்கறதுக்கு முன்னாடி வாயால சொல்லுடா குரு"ன்னாங்க. கண்டிச்சாங்க, இல்லேன்னு சொல்ல முடியாது.

இன்னொரு நாள் தலைமுடியைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல இடிச்சார். பால் தீர்ந்துபோச்சுன்னு தண்ணி கலந்து சாஸ் பண்ணியிருந்தாங்க. கதவுல ஒரு பள்ளம் விழுந்துடுச்சு. அதுக்கு மேல அண்ணி ஒரு மயில் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. வர்றவங்கள்லாம் மயில் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க.

நான் என்ன பண்ணுவேன்? நான் சின்னவள். அந்த நேரத்துல நான் கேஸ் அடுப்பை அணைச்சிடுவேன். யாராவது அதைப் பார்க்கணும் இல்லையா?

இப்போ அந்த நாளுக்கு வர்றேன்.

அண்ணன் மன்றத்துல இந்தப் பாஸ்தாவைப் பத்திப் பெருமையடிச்சிருக்கார். முட்டை இல்லாம, மசாலா இல்லாம, சாத்விகமா ஒரு சாப்பாடு, என் வீட்ல செய்றாங்கன்னு. மன்றத் தலைவர் வைத்தியலிங்கம் ஐயா, "ஒரு நாள் வந்து சாப்பிட்டுட்டாப் போச்சு"ன்னிருக்கார். அண்ணன் அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டார். கிளம்பும்போது அண்ணன் போன் பண்ணினப்பவே அண்ணி சொன்னாங்க, "பெரியவருக்கு இது வயித்துக்கு ஒத்துக்குமாங்க? இட்லி ஊத்திடறேனே." "சொன்னதைச் செய்"னு வெச்சுட்டார். அண்ணி ரெண்டு ட்ரே பண்ணினாங்க. ஒண்ணு மேஜையில, ஒண்ணு ஓவன்ல.

ஐயா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "அடடா, சைவத்துக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா!"ன்னார். அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே. நெஞ்சு நிமிர்ந்து, உருத்திராட்சத்தைச் சரி பண்ணிக்கிட்டார். ஐயா இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் நல்லாத்தான் போச்சு.

நான் சமையலறை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ஐயா திரும்பி, "பாப்பா என்ன படிச்சிருக்கு?"ன்னு கேட்டார். அம்மா, "அவ ஏதோ படிச்சா"ன்னாங்க. "அவளே சொல்லட்டுமே"ன்னார். ஃபுட் டெக்னாலஜின்னேன். "அப்படியா! அப்போ இந்தச் சீஸ் எப்படிப் பண்றாங்கன்னு சொல்லு பார்ப்போம்"னார்.

அக்கா, எங்க வீட்ல என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. மூணு வருஷம் படிச்சதுல ஒரு வார்த்தைகூட. பெரியவர் ஒருத்தர் மதிச்சுக் கேட்கிறார், பதில் சொல்லாம நின்னா மரியாதையா? சொன்னேன். பாலை இளஞ்சூடு பண்றது, அதுல நுண்ணுயிர் சேர்க்கிறது, அப்புறம் பால் இறுகறதுக்கு ரென்னட் சேர்க்கிறது. "ரென்னட்னா?"ன்னார். கன்னுக்குட்டியோட நாலாவது இரைப்பையிலேர்ந்து எடுக்கிற ஒரு பொருள்னேன். பால் குடிக்கிற கன்னா இருக்கணும், புல் தின்ன ஆரம்பிச்சிட்டா அது அவ்வளவு கிடைக்காது, அதனால குட்டியாவே அறுத்துடுவாங்கன்னும் சொன்னேன். பரீட்சை வைவாவுலகூட நான் அவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை.

பொதுவாகத்தான் சொன்னேன் அக்கா. உலகத்துல சீஸ் எப்படிப் பண்றாங்கன்னு கேட்டார், பொதுவாச் சொன்னேன். இந்தச் சீஸ்னு நான் எங்கேயாவது சொன்னேனா?

ஐயா கரண்டியைக் கீழே வெச்சார். எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனார். விரலை விட்டு எல்லாத்தையும் வெளியே எடுத்தார். அப்புறம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட தெருவுல இறங்கிட்டார். அண்ணன் வாசல் வரைக்கும் "ஐயா, ஐயா"ன்னு போனார். திரும்பி வந்து கதவைத் தாழ் போட்டார்.

அண்ணி அதுக்குள்ள சீஸ் அட்டையைக் குப்பைக்கூடையிலேர்ந்து எடுத்துட்டாங்க. "என்னங்க, பாருங்க, சைவம்னு பச்சைப் புள்ளி இருக்கு. இங்கே வாங்கற சீஸ்ல அதெல்லாம் கிடையாது. பார்த்துத்தான் வாங்கறேன். மங்கை, நீ சொல்லு! அவருக்குச் சொல்லு!"ன்னாங்க. என்னைப் பார்த்து ரெண்டு தடவை "சொல்லு"ன்னாங்க.

பச்சைப் புள்ளியை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். இங்கே விக்கிறதுல கன்னுக்குட்டி சமாச்சாரம் இல்லை, பூஞ்சையிலேர்ந்து எடுத்துப் போடறாங்கன்னும் தெரியும். அது தெரியாமலா படிச்சேன்? ஆனா அண்ணன் என்னைக் கேட்கலையே. அண்ணன் கேட்காம, அண்ணி சொல்றாங்கன்னு நடுவுல புகுந்து பேசினா நல்லாவா இருக்கும்? புருஷன் பெண்டாட்டி பேசறபோது மூணாவது ஆள் பேசக்கூடாதுன்னு அம்மாவே எத்தனை தடவை சொல்லியிருக்காங்க.

"என் விரதத்தை அழிச்சிட்டியேடி! பிணத்தைத் தின்ன வெச்சிட்டியே!"ன்னு கன்னத்துல அறைஞ்சார். அண்ணி மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. திருப்பி, "மேலே சிவக்கலைன்னு என் தோள்ல கரண்டியை உடைச்சப்போ உங்க விரதம் எங்கே போச்சு?"ன்னாங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அதுக்கப்புறம்தான் ஓவன் பக்கம் போனார்.

கோபத்துல அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியலைன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். ஆணியில மாட்டியிருந்த துணிக் கையுறையை எடுத்தார். ஒரு கையில போட்டார், அப்புறம் இன்னொரு கையில. விரல் சரியாப் போகலைன்னு உதறிட்டு மறுபடி போட்டார். அண்ணனுக்கு எதுலயும் ஒரு ஒழுங்கு. அப்புறம்தான் கதவைத் திறந்து ட்ரேயை எடுத்தார். அது குமிழ் விட்டுக்கிட்டு இருந்தது. ஒரே சீராச் சிவந்திருந்தது அன்னைக்கு. அப்படியே அண்ணி மேல வீசினார்.

அண்ணி முகத்தை மறைச்சுக் கையைத் தூக்கினாங்க. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும், அப்புறம் கழுத்து. வெந்நீர் பட்டா வழிஞ்சு போயிடும் அக்கா. சீஸ் வழியாது. ஒட்டிக்கிட்டு நிக்கும். கொழுப்புச் சூட்டை விடாது, உள்ளே உள்ளே வேக வைக்கும். அண்ணி அதைப் பிடுங்கப் பார்த்தாங்க, தோல் கூட வந்தது. அவங்க கத்தினது எங்க வீட்டுச் சத்தமாவே இல்லை. ட்ரே சுவத்துல பட்டுச் சிதறிச்சு. அந்தக் கண்ணாடி மேலயே கால் மடங்கி விழுந்தாங்க. விழுந்தவங்க இடுப்புல அண்ணன் மிதிச்சார். மறுபடி மிதிச்சார். கையுறையைக் கழட்டவே இல்லை.

அம்மா ஓடி வந்தாங்க. "குரு, போதும்டா. நீ முதல்ல போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்க, தீட்டு போகட்டும்"னு அவர் கையைப் பிடிச்சுக் குளியலறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் ஓவனை அணைச்சேன்.

பிலோமினா டீச்சர் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாங்க, நான் திறந்தேன். அவங்கதான் அண்ணியை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா நின்னு பாரு, படிச்சவளே"ன்னாங்க. நான் என்ன பண்ணினேன் சொல்லுங்க. கதவைத் திறந்தவளே நான்தான். ஆஸ்பத்திரியில அண்ணி, ட்ரே கை தவறிடுச்சுன்னு சொல்லிட்டாங்களாம். அதுலேர்ந்தே தெரியலையா, அவங்களுக்கும் குடும்பம் வேணும்னுதான் எண்ணம்? அப்புறம் அவங்க அப்பா வந்து காரைக்குடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்.

அண்ணன் முறைப்படி பிராயச்சித்தம் பண்ணிக்கிட்டார். ஐயாகிட்டயும் போய் விழுந்து எழுந்தார். எல்லாம் அடங்கிச்சு. கொஞ்ச நாள் அம்மா தோசை ஊத்தினாங்க. ஒரு சாயந்திரம் அண்ணன் ஒரு பையோட வந்தார். பாஸ்தா, பால், சீஸ். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பச்சைப் புள்ளியைப் பார்த்துட்டு, "நீ படிச்சதே இதுதானே, செய்"னு என்கிட்ட கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. செஞ்சேன். ஆனா எனக்குச் சாஸ் கட்டி தட்டிப் போயிடுது அக்கா. பாலை மொத்தமா ஊத்தறதா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறதா, அண்ணி என்ன பண்ணுவாங்கன்னு எவ்வளவோ யோசிச்சுப் பார்க்கிறேன். எல்லாத்தையும் பார்த்தேன், அதை மட்டும் பார்க்காம விட்டிருக்கேன். முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். ரெண்டாவது தடவை தட்டு புருவத்துல பட்டது. ஆமா, இதுதான். பொட்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலேர்ந்து இங்கே வரைக்கும். தையல் போட்டிருக்கு, முடியை இழுத்து விட்டுக்கிட்டா தெரியாது. போன வாரம் விரல்ல அடி. இந்த வெயில்ல முழுக்கையான்னா கேட்கிறீங்க? எனக்குப் பழக்கம்.

அப்படிப் பார்க்காதீங்க அக்கா. அவருக்கு அண்ணி கை ருசி பழகிப்போச்சு, அதுதான் விஷயம். அவங்க வந்துட்டா சரியாயிடும். எனக்குச் சாஸ்தான் வரலை.

திருமயம் தாண்டிட்டோமா? அப்போ கிட்ட வந்துட்டோம். உங்க போன்ல ஒரு கால் பண்ணிக்கட்டுமா? எங்க நம்பர் எல்லாத்தையும் அண்ணி தடுத்து வெச்சிருக்காங்க. வீட்டு அடையாளம் கேட்கணும்.

ஹலோ... அண்ணி? நான்தான் அண்ணி. மங்கை. வெச்சுடாதீங்க. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்... இல்லை, தனியாத்தான். அண்ணன் புது ட்ரே வாங்கி... நல்லா இருக்கேன். ஆமா, நான்தான் செய்றேன் இப்போ. ஆமா... கட்டி தட்டுது அண்ணி.

ஹலோ? ஹலோ, கேக்குதா?

புருவத்துல. இல்லை, சின்னது. ...விரல்லயும். ...சரி. ...சரி அண்ணி.

இந்தாங்க அக்கா போன். அடையாளமெல்லாம் வேண்டாமாம். கட்டி தட்டுதுன்னுதான் சொன்னேன், பேச்சையே காணோம். அப்புறம் "எங்கே அடிச்சான்?"னு கேட்கிறாங்க. நான் அடிச்சார்னு சொல்லவே இல்லையே? "பஸ் ஸ்டாண்டுல இறங்கி அங்கேயே நில்லு, நான் வர்றேன்"னாங்க. பார்த்தீங்களா, அவங்களே வர்றாங்க! கோபம் போயிடுச்சு. ஆனா அவங்க எதையும் முழுசாக் கேட்க மாட்டாங்க அக்கா, எப்பவும் அப்படித்தான். சாயந்திரமே திரும்பணும்னு சொல்ல வாயெடுக்கறேன், "மாத்துத் துணி இல்லேன்னாப் பரவாயில்லை, என்னோடது போட்டுக்கலாம், எத்தனை நாளானாலும்"ங்கறாங்க. இதை அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?

இது என் போன். அண்ணன்தான். எங்கே இருக்கேன்னு கேட்பார். கொஞ்சம் தள்ளுங்க அக்கா, எடுக்கணும்... ஏன் அதை வாங்கறீங்க? கொடுங்க. உடனே எடுக்கலைன்னா அவருக்குப் பிடிக்காது. கொடுங்க அக்கா, உங்களுக்குத் தெரியாது. விளையாடாதீங்க. இன்னும் மணி அடிக்குது பாருங்க. ஐயோ, கொடுங்களேன்...

நின்னுடுச்சு.

நின்னுடுச்சு அக்கா. ஒண்ணும் ஆகலை.